இன்ஜினைப் பிரிக்கும்போதே டேப்பட்டையும் பாருங்கள்!
பழைய டிராக்டரை ஓவராயில் செய்பவர்கள் கவனிக்காமல் விடும் சின்ன பாகம்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் தேதி ஜூன் 12. அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே திருச்சி அரியமங்கலம் பக்கத்துப் பட்டறைகளில் டிராக்டர் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். லால்குடி, கல்லணை, திருவெறும்பூர் பகுதிகளில் இருந்து வருபவை பெரும்பாலும் பழைய வண்டிகள். முன் சக்கரத்தைக் கழற்றி, இன்ஜினைத் தனியாக இறக்கி, மரக்கட்டை மேல் தூக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் வருவதற்குள் வண்டி வயலில் நிற்க வேண்டும். உழவு தள்ளினால் நாற்று முற்றிவிடும். நாற்று முற்றினால் தூர் கட்டுவது குறையும். பட்டறையில் ஒரு வாரம் தாமதமானால் அதன் நஷ்டம் அறுவடையில்தான் தெரியும்.

இந்த ஊரில் இரும்பு வேலைக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு பக்கம் 1928-ல் நாகப்பட்டினத்தில் இருந்து மாறி வந்த பொன்மலை ரயில்வே பணிமனை. இன்னொரு பக்கம் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை. நடுவில் சிட்கோ தொழிற்பேட்டை. 1952-ல் தொடங்கிய சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகமும் அரியமங்கலத்திலேயே இருக்கிறது. லேத், வெல்டிங், போரிங் என எந்த வேலைக்கும் ஆள் கிடைக்கும். ஆனாலும் பெரிய செலவு செய்து ஓவராயில் முடித்த டிராக்டர், ஒரே மாதத்தில் 'டக்... டக்' சத்தத்தோடு திரும்பி வருவது நின்றபாடில்லை.

"லைனர் புதுசு, பிஸ்டன் புதுசு, ரிங் புதுசு. இன்னும் என்னங்க மேஸ்திரி சத்தம்?" என்பார் வண்டிக்காரர். "கொஞ்ச நாள் ஓடினா சரியாப் போயிரும்ணே" என்று பதில் வரும். பெரும்பாலும் சரியாகாது. காரணம், பில்லில் இடம்பெறாத ஒரு பாகம். கட்டை விரல் பருமன்கூட இல்லாத அதன் பெயர் டேப்பட்.

டேப்பட் என்ன வேலை செய்கிறது?

இன்ஜினுக்குள் காற்று போக ஒரு வால்வு, புகை வெளியேற ஒரு வால்வு என்று சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள். இவற்றை நேரம் தவறாமல் திறந்து மூட வைப்பது கேம் ஷாஃப்ட். அதில் முட்டை வடிவில் மேடுகள் இருக்கும். மேடு சுற்றி வரும்போது, அதன்மேல் உட்கார்ந்திருக்கும் டேப்பட்டை மேலே தள்ளும். டேப்பட் புஷ் ராடைத் தள்ளும், புஷ் ராடு ராக்கரைத் தள்ளும், ராக்கர் வால்வை அழுத்தித் திறக்கும். ஏற்றத்தின் மேல் மிதிப்பவர் முன்னும் பின்னும் நடக்க, சால் கிணற்றுக்குள் இறங்கி ஏறுமே, ஏறக்குறைய அந்தக் கணக்குதான்.

கிராங்க் ஷாஃப்ட் 2 சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் 1 சுற்று சுற்றும். சேற்றுழவில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு டேப்பட்டும் நிமிடத்துக்கு 750 முறை ஏறி இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு 45,000 முறை. 8 மணி நேர உழவுக்கு 3,60,000 முறை. அவ்வளவு உழைப்பும் நடப்பது, கேம் மேடும் டேப்பட்டின் அடிப்பகுதியும் தொடும் ஒரு மெல்லிய கோட்டில். இன்ஜினில் மிக அதிக அழுத்தம் தாங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

அப்படியிருந்தும் டேப்பட் ஏன் சீக்கிரம் தேய்வதில்லை? அது மேலும் கீழும் போவதோடு நிற்பதில்லை, தன்னைத்தானே சுற்றிக்கொண்டும் இருக்கிறது. கேம் மேட்டின் நடுவும் டேப்பட்டின் நடுவும் ஒரே நேர்கோட்டில் இருக்காது. சற்று விலகி இருக்கும். பல இன்ஜின்களில் டேப்பட்டின் அடிப்பகுதி தட்டையாகத் தெரிந்தாலும், உண்மையில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குவிந்திருக்கும். கேம் மேடும் அதற்கேற்ப ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். இதனால் ஒவ்வொரு முறை மேடு உரசும்போதும் டேப்பட் கொஞ்சம் திரும்பும். தேய்மானம் ஒரே இடத்தில் விழாமல் முகம் முழுக்கப் பரவும். திரிகைக் கல் ஒரே பக்கம் தேயாமல் இருப்பதும் அது சுற்றுவதால்தானே?

சுற்றுவது நின்றுவிட்டால் கதை முடிந்தது. மேடு ஒரே தடத்தில் உரசும். டேப்பட்டின் முகம் குழியும், கேம் மேடு மழுங்கும். வால்வு முழுதாகத் திறக்காது. காற்று குறையும், கரும்புகை வரும், இழுவை போகும். டேப்பட்டை விடக் கேம் ஷாஃப்ட்டுக்குப் பல மடங்கு விலை. அதையும் விடப் பெரிய செலவு, அதை மாற்ற மறுபடியும் வண்டியைப் பிரிக்கும் கூலியும் நாளும்.

1035-ல் ஏன் கூடுதல் கவனம்?

டெல்டாவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில் மாஸி ஃபெர்குசன் 1035-க்குத் தனி இடம் உண்டு. மாஸி ஃபெர்குசன் கூட்டில் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது 1960-ல். இன்ஜின், அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்ப்சன் நிறுவனத்தினுடையது. 1840-ல் குதிரை வண்டி கட்டும் கம்பெனியாகப் பிறந்த சிம்ப்சன், பிற்காலத்தில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் இன்ஜின்களைச் சென்னையில் செய்யத் தொடங்கியது. பெர்கின்ஸ் 3.152 என்ற பெயரில் 3 என்பது சிலிண்டர்; 152 என்பது கன அங்குலக் கொள்ளளவு, அதாவது சுமார் 2.5 லிட்டர். பழைய கார்களைத் துடைத்து மெருகேற்றிக் கண்காட்சியில் நிறுத்துபவர்கள் உண்டு. அதே வயதுடைய இந்த டிராக்டர்களுக்கு அந்த யோகம் இல்லை. இன்னும் சேற்றில்தான் நிற்கின்றன.

இந்த வண்டிக்கு லாரியைப் போலத் தனி சேஸிஸ் கிடையாது. முன் ஆக்ஸிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இன்ஜினே முதுகெலும்பாக நிற்கிறது. கிளட்ச் மாற்ற வேண்டுமென்றாலே வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும். இன்ஜின் முழுதாக இறங்கி, தலைகீழாகக் கிடக்கும் அந்த ஒரு வாய்ப்பில் எதையெல்லாம் பார்க்க வேண்டுமோ அதையெல்லாம் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

டேப்பட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேலிருந்து கீழ் வரை ஒரே பருமனில் குப்பி போல இருப்பது. இதைக் கேம் ஷாஃப்ட்டை மாட்டிய பிறகும் மேலிருந்தோ பக்கவாட்டிலோ இறக்கிவிடலாம். 2014 வரை தயாரான அம்பாசிடர் காரின் பழைய 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் இந்த ரகம். பக்கவாட்டில் இருக்கும் மூடியைக் கழற்றினால், கேம் ஷாஃப்ட்டைத் தொடாமலே டேப்பட்டை எடுத்துவிடலாம்.

இன்னொன்று காளான் வகை. தண்டு சிறுத்தும் அடிப்பகுதி அகன்றும் இருக்கும். அகன்ற பகுதி ஓட்டை வழியே போகாது என்பதால், கேம் ஷாஃப்ட் இருக்கும் கீழ்ப்பக்கத்தில் இருந்துதான் நுழைக்க முடியும். பெர்கின்ஸ் 3 சிலிண்டர் இன்ஜினில் இருப்பது இந்த வகை. ஆகவே முதலில் டேப்பட், அப்புறம்தான் கேம் ஷாஃப்ட். இன்ஜினைத் தலைகீழாகக் கவிழ்த்து, டேப்பட்களை அவற்றின் ஓட்டைகளில் இறக்கி, அவை மேட்டில் இடிக்காதபடி தள்ளி நிற்கும்போது கேம் ஷாஃப்ட்டை மெல்ல உள்ளே செலுத்த வேண்டும். அவசரத்தில் கேம் ஷாஃப்ட்டை முதலில் மாட்டி, டைமிங் கியரும் பூட்டி, கவரும் போட்டுவிட்டு, 'டேப்பட் எங்கே?' என்று தேடினால் எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

இதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. இந்த இன்ஜினில் டேப்பட் கெட்டிருப்பது ஓவராயில் முடிந்த பிறகு தெரிந்தால், ஹெட்டைக் கழற்றி மாற்றிவிட முடியாது. சம்பும் முன்பக்கமும் கழன்று, கேம் ஷாஃப்ட் வெளியே வந்தாக வேண்டும். சம்பா உழவு நடுவில் அந்த நிலை வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு வாடகை டிராக்டருக்கு அலைய வேண்டியதுதான்.

இடம் மாறக் கூடாது

பட்டறைகளில் நடக்கும் பெரிய தவறு, கழற்றிய டேப்பட்களை எல்லாம் ஒரே டீசல் தட்டில் போட்டுக் கழுவுவது. வெளியே எடுத்தால் ஆறும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால் பல ஆயிரம் மணி நேரம் ஓடியதில், ஒவ்வொரு டேப்பட்டும் தன் மேட்டோடு சேர்ந்து தேய்ந்து, அதற்கென்றே ஒரு பதம் ஏறியிருக்கும். ஜோடி மாற்றிப் போட்டால், மேடு பள்ளம் பொருந்தாத இரண்டு முகங்கள் உரச ஆரம்பிக்கும். மில்லில் நன்றாக அரைத்துக்கொண்டிருந்த இரண்டு ஜோடிக் கற்களைக் கலைத்து மாற்றிப் போட்டது போலத்தான்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. காகித முட்டைத் தட்டு ஒன்று போதும். குழிகளுக்குப் பக்கத்தில் பேனாவால் 1 முதல் 6 வரை எழுதி, ரேடியேட்டர் பக்கத்தில் இருந்து வரிசையாகக் கழற்றிய டேப்பட்டை அந்தந்தக் குழியில் வைக்கலாம். புஷ் ராடுகளுக்கு ஓர் அட்டையில் 6 ஓட்டை போட்டுச் செருகிவிடலாம். வண்டிக்காரரே முட்டைத் தட்டோடு பட்டறைக்குப் போனால், மெக்கானிக் முதலில் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும்!

கழுவிய பிறகு பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. டேப்பட்டின் அடிமுகத்தை வெளிச்சத்தில் பார்த்தால், அம்மை வடு போலச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் அது ஆகாது. வடு இல்லையென்றால் ஒரு நல்ல ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தை முகத்தின் குறுக்கே நிறுத்தி, எதிரே விளக்கை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்கேலுக்கும் முகத்துக்கும் நடுப்பகுதியில் வெளிச்சம் தெரிந்தால் முகம் குழிந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் ஒதுக்க வேண்டியதுதான். சீராக வட்ட வட்டமாகத் தேய்ந்த தடம் இருந்தால், அந்த டேப்பட் ஒழுங்காகச் சுற்றியிருக்கிறது. குறுக்கே ஒரே பட்டையாகத் தடம் விழுந்திருந்தால், அது சுற்றாமல் நின்றுவிட்டது. அப்படிப்பட்ட டேப்பட் உட்கார்ந்திருந்த கேம் மேட்டை மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, மற்ற மேடுகளோடு ஒப்பிட்டே தீர வேண்டும். புஷ் ராடு வளைந்திருக்கிறதா என்று பார்க்க, ஒரு கண்ணாடி மேல் உருட்டினால் போதும்.

குழிந்த முகத்தை 'சரி' செய்ய, கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்துத் தேய்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். பளபளப்பாக வரும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் முகத்தில் இருக்கும் கடினமான மேல்தோல் போய்விடும். குவிந்த வடிவம் தட்டையாகி, சுற்றும் குணமும் போய்விடும். சாணைக் கல்லில் காட்டுவது அதைவிட மோசம். இது செலவைத் தள்ளிப்போடும் வேலைதானே தவிர, ரிப்பேர் ஆகாது.

எதை எதோடு போடலாம் என்பதில் பட்டறைக்குப் பட்டறை பேச்சு மாறும். பழைய கேம், அதே பழைய டேப்பட், அதே இடம் என்றால் இரண்டும் நன்றாக இருக்கும் பட்சத்தில் தாராளமாகப் போடலாம். பழைய கேம் நல்ல நிலையில் இருந்து டேப்பட் மட்டும் புதிது என்றாலும் ஏற்கலாம். புது கேம் ஷாஃப்ட்டில் பழைய டேப்பட்டை மட்டும் போடவே கூடாது. புது மேட்டைப் பழைய டேப்பட் சில மணி நேரத்திலேயே கடித்துவிடும். புது கேம் வாங்க மனம் வந்தவர்கள், ஆறு டேப்பட்டில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதுதான் வேடிக்கை.

புது டேப்பட் வாங்கும்போது டீலரிடமோ நம்பகமான கடையிலோ பில் போட்டு வாங்குவது நல்லது. போலிகள் நிறைய. சந்தேகம் வந்தால், முகத்தின் ஓரத்தில் ஒரு புது அரத்தை லேசாக இழுத்துப் பார்க்கலாம். நல்ல டேப்பட்டில் அரம் வழுக்கும். பிடித்து, பிசிறு வந்தால் அது பதமில்லாத இரும்பு.

உள்ளே போகும் முறை

பிளாக்கில் டேப்பட் உட்காரும் ஓட்டைகளில் பழைய ஆயில் கருகிப் பிசின் போல ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு டேப்பட்டில் ஆயில் தடவி ஓட்டையில் விட்டால், தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். விரலால் திருப்பினால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். தட்டி இறக்கும் நிலை இருந்தால் ஓட்டையில் பிசிறு இருக்கிறது. ஆடினால் ஓட்டை தேய்ந்திருக்கிறது. சுத்தியலை எடுப்பதற்கு இங்கே வேலையே இல்லை.

டேப்பட்டின் பக்கவாட்டில் சாதாரண இன்ஜின் ஆயில் போதும். அடிமுகத்திலும் கேம் மேடுகளிலும் மட்டும் மாலிப்டினம் கலந்த அசெம்பிளி பேஸ்ட்டைத் தடவ வேண்டும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது, ஆயில் அங்கே போய்ச் சேரும் வரை அந்தப் பேஸ்ட்தான் காவல். பேஸ்ட் கிடைக்கவில்லை என்று சாதா கிரீஸை அப்பினால், அது ஆயிலில் கரையாமல் ஃபில்டரை அடைக்கும்.

கேம் ஷாஃப்ட் ஏறி, டைமிங் மார்க் பொருத்தி, ஹெட்டும் உட்கார்ந்த பிறகு புஷ் ராடுகளை இறக்க வேண்டும். இங்கே ஒரு நிமிடம் நிதானம் வேண்டும். ஒவ்வொரு புஷ் ராடும் டேப்பட்டின் குழிக்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று, லேசாகத் தூக்கிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும். விளிம்பில் நிற்கும் புஷ் ராடின் மேல் ராக்கரை முறுக்கினால், ராடு வளையும் அல்லது டேப்பட் உடையும். அதனால் ராக்கர் ஸ்க்ரூக்களை முன்கூட்டியே தளர்த்திவிட்டுத்தான் ராக்கர் ஷாஃப்ட்டை இறுக்க வேண்டும்.

அடுத்தது, பலரும் செய்யாத ஒரு சோதனை. புஷ் ராடு ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, இன்ஜினைக் கையால் பல சுற்று சுற்றிப் பார்க்கலாம். டேப்பட் சுற்றும்போது புஷ் ராடும் கூடவே சுற்றுவதால் கோடுகள் மெல்ல இடம் மாறும். ஒன்று மட்டும் அசையாமல் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால், அந்த டேப்பட்டைச் சந்தேகப்பட வேண்டும். பூட்டிய வண்டி வயலுக்குப் போன பிறகு தெரிவதை விட, பட்டறையிலேயே தெரிவது நல்லது.

12 தௌ

வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளியைத்தான் பட்டறைகளில் 'டேப்பட் வைப்பது' என்கிறார்கள். ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெர்கின்ஸ் 3.152 இன்ஜினுக்கு, குளிர்ந்த நிலையில் 12 தௌ, அதாவது 0.30 மி.மீ. சூடான நிலையில் 10 தௌ, அதாவது 0.25 மி.மீ. இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே அளவு. மற்ற வண்டிகளுக்கும் ஆயில் இன்ஜின்களுக்கும் அந்தந்த மேனுவலில் உள்ள அளவுதான் கணக்கு. பக்கத்து வீட்டு வண்டியின் அளவை நம் வண்டிக்கு வைக்கக் கூடாது.

இந்த இன்ஜின் 1-2-3 என்ற வரிசையில் எரிகிறது. முதல் சிலிண்டர் அமுக்க நிலையின் உச்சியில் இருக்கும்போது, அதன் இரண்டு வால்வும் மூடியிருக்கும். அப்போது அந்த இரண்டுக்கும் இடைவெளி வைக்கலாம். பிறகு கிராங்க்கை ஒரு சுற்றில் மூன்றில் இரண்டு பங்கு திருப்பினால் இரண்டாவது சிலிண்டர். இன்னொரு மூன்றில் இரண்டு பங்கு திருப்பினால் மூன்றாவது. ஃபீலர் கேஜ் தகடு லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். காது கேட்டு வைப்பேன், கை அனுபவத்தில் வைப்பேன் என்பவர்களிடம் மரியாதையாகத் தகட்டை நீட்டிவிடலாம்.

இடைவெளி கூடினால் சத்தம் வரும். குறைந்தால் சத்தமே வராது, அதுதான் ஆபத்து. சூடேறி விரியும்போது வால்வு முழுதாக மூடாது. எரியும் வாயு அந்த இடுக்கில் கசிந்து, வால்வின் விளிம்பையே கருக்கிவிடும். 'சத்தமே இல்லாம வெச்சுக் குடுங்க' என்று கேட்டு வாங்கும் வண்டிக்காரர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இந்த வண்டியில் லேசான 'டிக் டிக்' இருப்பது ஆரோக்கியம்தான்.

சில கார்களில் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கிறதே, அதைப் பழைய டிராக்டரில் போட்டால் இடைவெளி வைக்கும் வேலையே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு ஆயில் அழுத்தத்தோடு வந்து சேரும் வழி, பிளாக்கிலேயே துளையிட்டு இருக்க வேண்டும். இந்த இன்ஜின்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

முதல் 20 நிமிடம்

புது கேம், புது டேப்பட் போட்ட இன்ஜினின் ஆயுள், பெருமளவுக்கு முதல் ஸ்டார்ட்டிலேயே முடிவாகிறது. ஸ்டாப் நாப்பை இழுத்துப் பிடித்தபடி, ஆயில் பிரஷர் காட்டி அசையும் வரை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். அதன் பிறகே டீசலைத் திறக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் மெதுவான ஐடிலிங்கில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. கேம் மேடுகளுக்கு வரும் ஆயிலில் பெரும்பகுதி, சுற்றும் பாகங்கள் வாரி இறைக்கும் ஆயில்தான். ஐடிலிங்கில் அந்த இறைப்பு குறைவு. 1,200 முதல் 1,500 சுற்றில், கொஞ்சம் ஏற்றி இறக்கி, 20 நிமிடம் ஓட விட வேண்டும். ராக்கர் கவரைத் திறந்து, மேலே ஆயில் வருகிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

ஆயிலிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கேமும் டேப்பட்டும் உரசும் இடத்தைக் காப்பது, ஆயிலில் கலக்கப்படும் துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு பொருள். நடவு வயலில் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட் போடுகிறோமே, அதே துத்தநாகம்தான். இங்கே வேறு வடிவில். புதிய பெட்ரோல் கார்களில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரை பாஸ்பரஸ் கெடுத்துவிடும் என்பதால், கார் ஆயில்களில் இந்தப் பொருளின் அளவைக் குறைத்துவிட்டார்கள். அதனால் மகன் காருக்கு வாங்கிய விலை உயர்ந்த ஆயில் மிச்சமிருக்கிறது என்று டிராக்டருக்கு ஊற்றுவது லாபமில்லை. கம்பெனி சொல்லும் தரத்தில் உள்ள டீசல் இன்ஜின் ஆயில்தான் இதற்குப் பொருத்தம். ஓவராயில் முடிந்த பிறகு முதல் 50 மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும்.

அதே 50 மணி நேரத்தில் ஹெட் போல்ட்டுகளைச் சரிபார்த்து, இடைவெளியையும் மறுபடி அளக்க வேண்டும். அளவைச் சும்மா வைத்துவிட்டு வரக் கூடாது. எழுதி வைக்க வேண்டும். ஒரு வால்வின் இடைவெளி மட்டும் 12-ல் இருந்து 16, திருப்பி 12 வைத்தால் சில நாளில் மறுபடி 17 என்று கூடிக்கொண்டே போனால், அங்கே கேம் மேடு தேய்ந்துகொண்டிருக்கிறது. அதைத் திரும்பத் திரும்ப இறுக்கி ஓட்டுவதில் பயன் இல்லை. உரசி விழும் இரும்புத்தூள் ஆயிலில் கலந்து, புதிதாகப் போட்ட பேரிங்கையும் கெடுக்கும். அன்றே நிறுத்திவிட வேண்டும்.

பட்டறையில் வண்டியை விடும்போதே இதையெல்லாம் பேசிவிடுவது நல்லது. 'டேப்பட், புஷ் ராடு வரிசை மாறக் கூடாது. கழற்றியதும் என்னைக் கூப்பிட்டுக் காட்டணும். மாட்டும் முன் கேம் மேட்டை அளக்கணும்' என்று மூன்று வரி, எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்கலாம். மாற்றிய பழைய டேப்பட்களைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அவற்றின் முகமே இன்ஜின் எப்படி ஓடியது என்று சொல்லும். வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களில் உழவு நிற்காமல் இருக்க, உழவன் செயலி வழியாக வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை டிராக்டருக்குப் பதிவு செய்யலாம். தண்ணீர் திறந்த பிறகு முண்டியடிப்பதை விட, இன்ஜினை இறக்கும் அன்றே பதிவு செய்துவிடுவது நல்லது.